சர்க்கரையோடு சேர்ந்து வருபவற்றுக்கும் ஒரு ஒர்க் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஆபீஸ் கணக்குக்கு உரியது என்று மூடிவிடுகின்றனர். வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்தால், இந்தக் கட்டங்களுக்கு நல்ல வேலை இருக்கிறது. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். மெனுக்கள் சற்று மாறும்; வேலை ஒன்றுதான்.

சர்க்கரை அளவை மட்டும் டயரியில் குறித்து வைப்பவர்கள் அதிகம். ஆனால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிறுநீரகம், கண், பாத நரம்பு எனக் கூடவே வருபவையும் கவனிக்கப்பட வேண்டும். சிறுநீரகமும் விழித்திரையும் கெடத் தொடங்கும்போது வலியே இருக்காது. பிரிட்டனில் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வின் முடிவு 1998ல் வெளியானது. ரத்த அழுத்தம் சராசரியாக 144/82 என வைக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, 154/87 என இருந்தவர்களைக் காட்டிலும் பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை நோய் தொடர்பான மரணம் 32 சதவீதமும் குறைவாக இருந்தன. வித்தியாசம் பத்து புள்ளிதான்! இன்று பலருக்கு 130/80க்குக் கீழ் என்பதே இலக்கு.

புதிய ஷீட்டின் முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், எல்.டி.எல்., சிறுநீர் அல்புமின் விகிதம், குறிப்பு. அழுத்தத்திற்கு ஏன் இரண்டு கட்டம்? 130/80 என்று ஒரே செல்லில் கொடுத்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. கிராப் வரைய முடியாது. மருந்து மாறிய நாளைக் குறிப்பில் எழுதுங்கள். பின்னால் கோடு ஏன் இறங்கியது என்பது அதைப் பார்த்தால்தான் புரியும்.

எச்.பி.ஏ.1.சி. என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. அதை வழக்கமான சர்க்கரை அளவாக மாற்ற, காலியான செல்லில் சம அடையாளம் போட்டு, அந்த எண் உள்ள செல்லைக் கிளிக் செய்து, *28.7-46.7 என டைப் செய்து என்டர் தட்டவும். 7 என்றால் சுமார் 154 வரும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை தவறாகக் காட்டலாம்.

அடுத்து, மேல் அழுத்த எண்கள் உள்ள செல்களை (தலைப்பை விட்டுவிட்டு) தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் எனச் சென்று 129 எனக் கொடுக்கவும். 130ம் அதற்கு மேலும் சிவப்பாகும். அல்புமின் விகிதத்திற்கு 29 கொடுக்கலாம். 30க்குக் கீழ் இருப்பதே இயல்பு. முதியவர்களுக்கு இலக்கு வேறாக இருக்கலாம் என்பதால் உங்கள் டாக்டர் சொல்லும் எண்ணையே போடுங்கள்.

இரண்டாவது ஷீட்தான் முக்கியம் என்பேன். விழித்திரை, பாதம், சிறுநீர் அல்புமின் ஆகிய மூன்றையும் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மறந்து போவதும் இவைதான். சோதனையின் பெயர், கடைசியாகச் செய்த தேதி என இரண்டு கட்டங்கள் அமைத்து, மூன்றாவதில் சம அடையாளம் போட்டு, தேதி உள்ள செல்லைக் கிளிக் செய்து, +365 சேர்த்து என்டர் தட்டவும். அடுத்த தேதி வந்துவிடும். தேதிக்குப் பதில் 46239 என்பது போல வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதியை 1900 முதல் நாள் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது. செல்லை டேட் பார்மட்டுக்கு மாற்றினால் சரியாகும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் அமெரிக்கத் தேதி முறை இருந்தால், 5/8/2025 என்பது ஆகஸ்ட் 5 ஆகாது. மே 8 ஆகிவிடும். கண் சோதனைத் தேதி மூன்று மாதம் தள்ளிப் போனால் கண்டுபிடிப்பது கஷ்டம். மாதத்தை எண்ணாகத் தராமல், ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாக டைப் செய்திடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது பேப்பரை லேண்ட்ஸ்கேப்பில் வைத்து பிரிண்ட் எடுத்துச் செல்லவும். கண் டாக்டர், சிறுநீரக டாக்டர் என ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க மாட்டார்.