கோபுரம் கட்டுமுன் கணக்கிடுங்கள்



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் பல இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது: "பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவதா?" பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்திலே கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசைப்படி குறிப்பிட வேண்டும். பெற்ற இசட் புள்ளிக்கு எட்டுகின்றவற்றுள், அவ்வரிசையில் மேலேயுள்ளதே மாணவருக்குக் கிடைக்கின்றது. ஆகவே தலைநகரா, ஊரா என்னும் தீர்மானம் வரிசையை எழுதும் வேளையிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று நம் ஆண்டவர் வினவியதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். நாமும் சற்று அமர்ந்து கணக்கிடுவோம்.

கொழும்புப் பல்கலைக்கழகம் நகரின் நடுவே அமைந்துள்ளது. மருத்துவம் பயில்வோருக்குத் தேசிய வைத்தியசாலையும், சட்டம் பயில்வோருக்குப் புதுக்கடை நீதிமன்றங்களும், வணிகம் பயில்வோருக்கு வங்கிகளின் தலைமையகங்களும் அண்மையில் உண்டு. இது பெரும் வாய்ப்பே. பேராதனையோ மாணவர் தங்கிக் கற்பதற்கென்றே மகாவலிக் கரையில் திட்டமிடப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கு இடம்பெயர்ந்தது. யாழ்ப்பாணமும் வந்தாறுமூலையும் வடக்கு, கிழக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அருகிலேயே வைத்திருக்கும்.

அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிக் கல்விக்குக் கட்டணமில்லை. தகுதியுடையோருக்கு 1981இல் தொடங்கிய மகாபொல உதவியும் உண்டு. ஆயினும் விடுதியில் இடம் கிடையாவிடின் அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு ஆகியவற்றை மாதந்தோறும் தாங்க இயலுமா? கற்கைநெறி எம்மொழியில் போதிக்கப்படுகின்றது? தனியே சமாளிக்கும் இயல்பு பிள்ளைக்கு உண்டா? இவற்றைப் பிள்ளையோடு கூடியிருந்து பேசுங்கள். அயல்வீட்டார் மெச்சுவர் என்பதற்காக முதலிடத்தில் எழுதப்படும் பெயரின் பாரத்தைப் பிள்ளையல்லவா சுமக்க நேரிடும்?

புனித அகுஸ்தினார் ஏறக்குறைய பதினேழு வயதில் தாகாஸ்தே என்னும் சிற்றூரிலிருந்து கார்த்தேஜ் மாநகருக்குப் படிக்கச் சென்றார். கல்வியில் முதன்மை பெற்றார். வாழ்விலோ தடம் மாறினார். அதே நூற்றாண்டில் புனித பசிலியாரும் புனித கிரகோரியாரும் ஏதென்ஸ் நகரிலே கற்றனர். தங்களுக்குத் தெரிந்த பாதைகள் இரண்டே, ஒன்று ஆலயத்துக்கும் மற்றையது ஆசிரியரிடமும் சென்றது எனக் கிரகோரியார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர்களுக்கு ஒருவரையொருவர் தாங்கிய நட்பு துணையாயிருந்தது.

மாநகரம் மூவருக்கும் அறிவை வழங்கியது. எவரோடு பழகுவது, எவ்வழி நடப்பது என்பதை அவரவரே தேர்ந்தனர். ஆதலால் கொழும்பைத் தெரிவு செய்வீர்களாயின், அறை தேடும்போதே தமிழில் திருப்பலி நிறைவேறும் ஆலயத்தையும் நல்ல தோழமையையும் சேர்த்தே தேடுங்கள். ஊருக்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வீர்களாயின், அதனைத் தாழ்வெனக் கருதாதீர்கள். பட்டத்தின் பெறுமதி அதைப் பெறுபவரின் உழைப்பிலும் தங்கியுள்ளது.

விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு மாலை செபமாலைக்குப்பின் குடும்பமாய் அமருங்கள். பிள்ளையை முதலில் பேச விடுங்கள். அதன்பின் வரிசையை எழுதுங்கள்.