இதய அறுவைக்குப் பின் சிறுநீரகம்: இரத்தம் கூறும் செய்தி

அடியில் சிறு துளையுள்ள ஒரு தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலிருந்து ஒரு குழாய் ஒரே சீராக நீரைக் கொட்டுகிறது. வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமாக இருப்பதால் நீர்மட்டம் மாறுவதில்லை. இப்போது துளையில் பாதியை அடைத்துவிடுவோம். நீர்மட்டம் உடனே உயர்ந்துவிடுமா? இல்லை, சிறிது சிறிதாகத்தான் ஏறும். அடைத்த மறுகணமே அளந்து பார்ப்பவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே கூறுவார்.

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீரகத்தைக் கண்காணிக்கும் மருத்துவர்களின் சங்கடமும் இதுவே.

இதயத்தை நிறுத்திவைத்து அறுவை செய்யும்போது, இதய-நுரையீரல் இயந்திரமே உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் 1953இல் இதை முதன்முதலாக வெற்றியுடன் பயன்படுத்தினார். எனினும், எந்த இயந்திரமும் இதயத்துக்கு முழு ஈடாகாது. இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. அழுத்தம் குறைந்தாலும், பம்பில் சிதையும் சிவப்பணுக்களிலிருந்து ஹீமோகுளோபின் கசிந்தாலும் சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பாதிக்கப்படலாம்.

இந்தப் பாதிப்பை எவ்வாறு அறிவது? வழக்கமாக அளக்கப்படுவது கிரியேட்டினின். தசைகளில் இடைவிடாது உண்டாகும் இக்கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நலமாக உள்ளவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இது சுமார் 1 மில்லிகிராம் இருக்கும். நம் தொட்டியின் நீர்மட்டம் இதுதான். வடிகட்டும் திறன் பாதியானால் இந்த அளவு இரட்டிப்பாகும். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு நாட்கள் பிடிக்கும். போதாக்குறைக்கு, இயந்திரத்தில் நிரப்பிய திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்வதால், முதல் நாளில் அளவு குறைந்தும் காணலாம்! 48 மணி நேரத்தில் 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலே சிறுநீரகப் பாதிப்பு என்று 2012ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறை கூறுவதற்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

நீர்மட்டம் ஏறும்வரை காத்திராமல், அடைப்பையே நேராகக் காட்டும் பொருள் ஏதேனும் உண்டா? உண்டு. காயமுற்ற நுண்குழல் செல்கள் என்.ஜி.ஏ.எல். என்னும் சிறு புரதத்தை வெளியிடுகின்றன. அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆய்வாளர்கள் இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளைச் சோதித்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். 20 குழந்தைகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. கிரியேட்டினின் அதைக் காட்ட 1 முதல் 3 நாட்கள் ஆயின, என்.ஜி.ஏ.எல். 2 மணி நேரத்திலேயே இரத்தத்திலும் சிறுநீரிலும் பன்மடங்கு உயர்ந்துவிட்டது.

ஆயினும் இது பிழையற்ற கருவியன்று. வெள்ளணுக்களிலும் இப்புரதம் இருப்பதால், நோய்த்தொற்றினாலும் இதன் அளவு உயரும். முன்பே சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்களிடம் முடிவு அவ்வளவு தெளிவாக இராது.

முன்கூட்டி அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பழுதுற்ற சிறுநீரகத்தை உடனே சீராக்கும் மருந்து இல்லை. ஆனால் இரத்த அழுத்தத்தையும் நீர்ச்சத்தையும் பேணலாம். சிறுநீரகத்துக்குத் தீங்கான மருந்துகளைத் தவிர்க்கலாம். ஜெர்மனியில் 276 நோயாளிகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், வேறு இரு புரதங்களைச் சிறுநீரில் அளந்து ஆபத்தை முன்னரே கண்டறிந்து இவ்வாறு கவனித்தபோது, பாதிப்பு 72 விழுக்காட்டிலிருந்து 55 ஆகக் குறைந்தது.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இதய அறுவை நடந்தால், நீரிழிவு, பழைய சிறுநீரகக் கோளாறு, உட்கொண்டுவரும் வலிமாத்திரைகள் ஆகியவற்றை முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். முதல் நாள் கிரியேட்டினின் சரியாக இருந்த பின்பும் மறுநாள் மீண்டும் இரத்தம் எடுக்க வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் தொட்டியின் நீர்மட்டத்தைத்தான் பார்க்க வருகிறார்கள்.