ஞானப்பல்லை எடுக்கணுமா? வலிக்கு ஒரு மருந்து, பயத்துக்கு ஒரு மருந்து

இந்த எபிசோட் ஞானப்பல் பத்தி. நம்ம வயசு ஆளுங்க நாலு பேர் இருக்கிற இடத்துல இந்தப் பேச்சை எடுத்தா உடனே ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. "ஒரே ஊசி, அரை மணி நேரம், வீட்டுக்கு வந்துட்டேன்"னு ஒரு கட்சி. "முழுசா தூங்க வச்சாத்தான் வாயையே திறப்பேன்"னு இன்னொரு கட்சி. உங்களுக்கு எது சரி வரும்?

அதுக்கு முன்னாடி ஒண்ணைத் தெளிவா பிரிச்சுக்கலாம். வலி வேற, பயம் வேற. ரெண்டுக்கும் மருந்தும் வேற வேற. இது புரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். முடிவு சொல்ல வேண்டியது உங்க டாக்டர். அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தயார் பண்ணிக்கிறதுக்குத்தான் இந்த எபிசோட்.

பல் எப்படி மாட்டிக்குது?

ஞானப்பல் பொதுவா 17 வயசுல இருந்து 25 வயசுக்குள்ள முளைக்கும். மத்த பல்லெல்லாம் இடம் பிடிச்சு உட்கார்ந்த பிறகு கடைசியா வர்றதால, தாடையில இடம் இல்லாம போயிடுது. கீழ்த்தாடையில அதிகமா நடக்கிறது, பல் முன்பக்கமா சாஞ்சு பக்கத்துப் பல்லை முட்டிக்கிட்டு நிக்கிறது. சிலருக்கு முழுசா படுத்துக்கிடக்கும். சிலருக்கு எலும்புக்குள்ளேயே புதைஞ்சிருக்கும்.

தொந்தரவு அதிகம் கொடுக்கிறது பாதி மட்டும் வெளியே வந்த பல். அதுக்கு மேல ஈறு ஒரு மூடி மாதிரி கிடக்கும். அந்த மூடிக்கு அடியில சாப்பாடு சேரும், பிரஷ் போகாது, கிருமி வளரும். ஈறு வீங்கி, வாய் திறக்கவே கஷ்டமாகும். மாத்திரை போட்டா அடங்கும், ஆனா இடம் அப்படியே இருக்கிறதால சில மாசத்துல திரும்ப வரலாம். அதோட, அந்த இடுக்குல முன்னாடி இருக்கிற நல்ல கடைவாய்ப் பல்லும் சொத்தையாகும். ஞானப்பல் போனா நஷ்டம் இல்ல. அந்தப் பக்கத்துப் பல் நமக்கு வேணும்.

அப்போ எல்லாரும் எடுத்துடணுமா? இல்ல. பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2000-லேயே, நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைங்கிற பேர்ல எடுக்கிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லிடுச்சு. சும்மா இருக்கிற பல்லை அப்பப்போ பார்த்துக்கிட்டே இருக்கலாம். திரும்பத் திரும்ப சீழ் பிடிக்குது, சொத்தை வந்திருக்கு, நீர்க்கட்டி தெரியுது, இந்த மாதிரி காரணம் இருந்தா எடுக்கணும்.

இதை முடிவு பண்ண ஓபிஜி எக்ஸ்ரே எடுப்பாங்க. ரெண்டு தாடையும் ஒரே படத்துல தெரியும். அதுல முக்கியமா பார்க்கிறது, பல்லோட வேர் கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு. கீழ் உதட்டுக்கும் தாடை நுனிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது அந்த நரம்புதான். ரொம்ப ஒட்டி இருந்தா சிபிசிடி ஸ்கேன் கேப்பாங்க. சில நேரம் வேரை விட்டுட்டுப் பல்லோட மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறதும் உண்டு.

ஊசி செய்யற வேலை

மரத்துப்போக போடுற ஊசியில இருக்கிறது பெரும்பாலும் லிக்னோகெயின். நரம்புல சிக்னல் ஓடணும்னா சோடியம் உள்ள போகிற சின்னச் சின்னக் கதவுகள் திறக்கணும். லிக்னோகெயின் அந்தக் கதவை அடைச்சிடும். தாடையில இருந்து மூளைக்குப் போற கேபிளைக் கொஞ்ச நேரம் கழட்டி வைக்கிற மாதிரி. கூடவே அட்ரினலின் கலந்திருக்கும். அது ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கும்.

கூர்மையான வலி போயிடும். ஆனா அழுத்தம் தெரியும், இழுக்கிறது தெரியும், டிரில் சத்தம் எலும்பு வழியா நேரா காதுக்கே வரும். நிறைய பேர் "எனக்கு ஊசி வேலை செய்யல"ன்னு பதறுறது இந்த இடத்துலதான். அழுத்தம்னா தாங்கலாம். நிஜமாவே வலிச்சா கையைத் தூக்குங்க, இன்னும் மருந்து போடுவாங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு. நல்லா சீழ் பிடிச்ச இடத்துல திசு அமிலத்தன்மையோட இருக்கும். அங்க லிக்னோகெயின் நரம்புக்குள்ள நுழையறது குறையும். அதனாலதான் "முதல்ல வீக்கம் அடங்கட்டும்"னு டாக்டர் சொல்றது உண்டு. பயத்துல தள்ளிப் போட்டு, வீங்கின பிறகு ஓடினா, ஊசி சரியா பிடிக்காம போக வாய்ப்பு அதிகம்.

செடேஷன் செய்யற வேலை

1844 டிசம்பர்ல, அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டு ஊர்ல, ஹோரஸ் வெல்ஸ்ங்கிற பல் டாக்டர் நைட்ரஸ் ஆக்சைடை இழுத்துட்டு, தன்னோட பல்லையே இன்னொரு டாக்டரை வச்சு எடுத்துக்கிட்டார். வலி தெரியல. அடுத்த மாசம் பாஸ்டன்ல பல பேர் முன்னாடி செஞ்சு காட்டப் போனார். பல்லை எடுக்கும்போது நோயாளி கத்திட்டார், கூட்டம் கேலி பண்ணுச்சு. அதே வாயுதான், ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு அளவு வேணும். இன்னைக்கும் செடேஷன்ல முக்கியமான விஷயம் இதுதான்.

இப்போ இதுல சில படிகள் இருக்கு. முதல் படி அதே நைட்ரஸ் ஆக்சைடு, நம்ம ஊர்ல லாஃபிங் கேஸ். ஆக்சிஜனோட கலந்து மூக்குல வைக்கிற மாஸ்க் வழியா வரும். உடம்பு தளரும், முழிப்பு இருக்கும். நிறுத்திட்டு ஆக்சிஜன் கொடுத்தா சில நிமிஷத்துல தெளிஞ்சிடும்.

ரெண்டாவது மாத்திரை. சுலபம், ஆனா முழுங்கின பிறகு அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது.

மூணாவது ரத்தக்குழாய் வழியா மருந்து, பெரும்பாலும் மிடசோலாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பார்க்க முடியும். கூப்பிட்டா பதில் சொல்வீங்க, ஆனா நடந்தது பாதி ஞாபகம் இருக்காது. கவனிங்க, மிடசோலாம் வலி மருந்து இல்ல. அதனால மரத்துப்போற ஊசி அப்பவும் போட்டே ஆகணும். கேபிளைக் கழட்டுறது ஊசி. அலறுற மூளையோட சவுண்டைக் குறைக்கிறது செடேஷன்.

கடைசிப் படி முழு மயக்கம். இது ஆஸ்பத்திரி தியேட்டர்ல, மயக்க மருந்து டாக்டர் கூடவே இருந்து செய்ய வேண்டியது. வெறும் வயித்தோட வரச் சொல்வாங்க, செலவும் கூடும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஒரு பல், எக்ஸ்ரேல சிக்கல் இல்ல, பயம் சமாளிக்கிற அளவுன்னா ஊசி மட்டும் போதும். பயத்தாலேயே ரெண்டு வருஷமா தள்ளிப் போடுறீங்க, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுறீங்கன்னா, செடேஷன் கேக்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. நாலு பல்லும் ஒரே நாள்ல, ஆழமா புதைஞ்சிருக்குன்னா முழு மயக்கம் பத்திப் பேசலாம்.

அளவு கூடினா ஒரு படி அடுத்த படிக்கு நழுவிப் போகலாம். அதனால நான் முதல்ல கேக்கச் சொல்ற கேள்வி, "என் மூச்சை யார் பார்த்துக்குவாங்க?" பல்லை எடுக்கிறவரோட கண்ணும் கையும் உங்க வாய்க்குள்ள இருக்கும். தூக்கம் வர்ற மருந்துன்னா, ஆக்சிஜன் அளவையும் மூச்சையும் பார்க்க இன்னொரு பயிற்சி பெற்ற ஆள் வேணும். பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஆக்சிஜனும், மருந்தை முறிக்கிற மாற்று மருந்தும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். இதுக்கு நேரா பதில் வரலன்னா வேற இடம் பாருங்க.

உங்க பக்கமும் ஒரு கடமை இருக்கு. தூக்கத்துல குறட்டையோட மூச்சு நிக்கிற பிரச்சினை, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை, தூக்க மாத்திரை, குடிப்பழக்கம், எதையும் மறைக்காதீங்க. அப்பா அம்மா பக்கத்துல இருக்காங்கன்னு கூச்சமா இருந்தா தனியா பேசணும்னு கேளுங்க. மிடசோலாம் போட்டா கூட்டிட்டுப் போக ஒருத்தர் வேணும், அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. புரொடக்‌ஷன்ல கோடு போடுறதையும் தள்ளி வைங்க.

எடுத்த பிறகு வீக்கம் ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய் இறங்கும், பயப்படாதீங்க. ஸ்ட்ரா வேண்டாம், சிகரெட் வேண்டாம். குழியில உறைஞ்ச ரத்தம் கழண்டுட்டா, சில நாள் கழிச்சு காது வரைக்கும் இழுக்கிற வலி வரும். இதைத்தான் ட்ரை சாக்கெட்னு சொல்றாங்க. வந்தா டாக்டர்கிட்ட போனா சரி பண்ணுவாங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ முழுங்க முடியல, மூச்சு விட சிரமம், காய்ச்சலோட தாடைக்கு அடியில வீக்கம்னா, காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

இதுல ஒரு கேள்வி இருந்தா அனுப்புங்க. பல்லைப் பயந்து தள்ளிப் போட்டுட்டு இருக்கிற ஒரு ஃப்ரெண்ட் உங்களுக்குக் கண்டிப்பா இருப்பாங்க, அவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.