குளோட் மக்கெலெலே

குளோட் மக்கெலெலே (பிறப்பு: பெப்ரவரி 18, 1973) பிரான்சு நாட்டு அணிக்காக விளையாடிய முன்னாள் காற்பந்தாட்ட வீரர் ஆவார். அன்றைய சயீர் நாட்டின் (இன்றைய காங்கோ மக்களாட்சிக் குடியரசு) தலைநகர் கின்சாசாவில் பிறந்த இவர், நான்கு வயதளவில் குடும்பத்துடன் பிரான்சில் குடியேறினார். இவருடைய தந்தையும் காற்பந்தாட்ட வீரரே. தற்காப்பு நடுக்கள ஆட்டத்தில் இவர் பெற்ற தேர்ச்சியால், அந்த ஆட்ட இடத்தையே இவர் பெயரால் "மக்கெலெலே இடம்" என்று அழைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் ஏற்பட்டது.

தொடக்க ஆண்டுகள்

பாரிசுப் புறநகர் ஒன்றில் வளர்ந்த மக்கெலெலே, நாந்த் கழகத்தில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். அங்கு பெரும்பாலும் வலப்புற ஓரத்தில் ஆடினார் என்பது பலர் அறியாதது. 1994-95 பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் தோற்று நாந்த் பிரான்சு லீக்கை வென்றது. பின்னர் மார்செய் கழகத்தில் ஓராண்டும் எசுப்பானியாவின் செல்டா விகோவில் ஈராண்டும் ஆடினார்.

ரியல் மாட்ரிட்

2000 ஆம் ஆண்டில் ரியல் மாட்ரிட் இவரை வாங்கியது. பிகோ, சிடான், ரொனால்டோ ஆகியோர் ஆண்டுக்கு ஒருவராக வந்துசேர்ந்த காலம் அது. தாக்குதல் வீரர்கள் முன்னேறிச் செல்லும்போது பின்னால் ஏற்படும் வெற்றிடத்தைக் காப்பது மக்கெலெலேயின் பணி. எதிரணியின் பந்தைப் பறிப்பார். அருகிலுள்ள சக வீரரிடம் கொடுப்பார். மீண்டும் தன் இடத்திற்குத் திரும்புவார். கோல் கணக்கிலோ கோலுக்கு உதவிய கணக்கிலோ இந்த வேலை பதிவாவதில்லை. மூன்று பருவங்களில் கழகம் இரண்டு எசுப்பானிய லீக் பட்டங்களையும் 2002 ஐரோப்பிய சாம்பியன்சு லீக் கிண்ணத்தையும் வென்றது.

எனினும் இவரது ஊதியம் நட்சத்திர வீரர்களுடையதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. 2003 கோடையில் இவர் ஊதிய உயர்வு கேட்டபோது நிர்வாகம் மறுத்தது. அதே கோடையில் டேவிட் பெக்காம் வாங்கப்பட்டார்; மக்கெலெலே செல்சீ கழகத்திற்கு விற்கப்பட்டார். இவர் பந்தைத் தலையால் ஆடுவது அரிது, மூன்று மீட்டருக்கு மேல் கடத்துவதும் அரிது என்ற பொருளில் கழகத் தலைவர் புளோரென்டினோ பெரெசு பேசினார்.

அடுத்த பருவத்தில் லீக்கில் முன்னணியில் இருந்த ரியல் மாட்ரிட், கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்திற்கு இறங்கியது. அதன் அடுத்த லீக் பட்டம் 2007 இலேயே கிடைத்தது. இவரது விலகல் மட்டுமே இதற்குக் காரணம் என்பது மிகை. பயிற்சியாளர் டெல் பொசுக்கேயும் அணித்தலைவர் ஹியெரோவும் அதே 2003 கோடையில்தான் வெளியேறினர். ஆயினும் இவர் இடத்தை நிரப்பத் தகுந்த வீரர் வாங்கப்படவில்லை என்பது உண்மை.

செல்சீயும் முக்கோணமும்

அக்காலத்தில் இங்கிலாந்துக் கழகங்கள் பல 4-4-2 அமைப்பில் ஆடின. அதில் களத்தின் நடுவில் இருவர் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பர். 2004 இல் பயிற்சியாளராக வந்த ஜோசே மொரீனியோ நடுவில் மூவரை முக்கோணமாக நிறுத்தினார். அதன் கீழ் முனையில் நின்றவர் மக்கெலெலே. எதிரணியின் இருவரும் முன்னால் நிற்கும் இரு செல்சீ வீரர்களைக் கவனித்தால், மக்கெலெலே தடையின்றிப் பந்தைப் பெறுவார். அவரைத் தடுக்க ஒருவர் முன்னேறினால், லம்பார்டு போன்றோருக்கு இடம் கிடைக்கும். 2004-05 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் செல்சீ விட்டுக்கொடுத்த கோல்கள் 15 மட்டுமே. அப்பருவத்திலும் அடுத்த பருவத்திலும் செல்சீயே பட்டம் வென்றது.

நாட்டு அணியும் பிற்காலமும்

1998 உலகக்கிண்ண அணியில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2004 இல் நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்றவர், அடுத்த ஆண்டே சிடான், துராம் ஆகியோருடன் திரும்பி, 2006 உலகக்கிண்ண இறுதியாட்டத்திலும் ஆடினார். 2008 இல் பாரிசு சான் செர்மான் கழகத்தில் இணைந்து 2011 இல் விளையாட்டிலிருந்து விலகினார். பின்னர் பாசுத்தியா, ஓய்ப்பன் கழகங்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார்.

பிரான்சுக்காக ஆடிய 71 ஆட்டங்களில் இவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. செல்சீக்காக அடித்தவை இரண்டு. அவற்றுள் முதலாவது, லீக் கிண்ணம் வழங்கப்பட்ட நாளான மே 7, 2005 அன்று சார்ல்ட்டன் அணிக்கு எதிராக அடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்ட்டியை அடிக்கும் வாய்ப்பை சக வீரர்கள் இவருக்கு அளித்தனர். இவர் உதைத்த பந்தைக் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை மீண்டும் உதைத்தே கோலாக்கினார்.