நடையின் விலை

நடத்தலை ஒரு தொழிலாக எண்ணுவார் நம்மில் யாவர்? விடுதியினின்று வகுப்பறைக்கும், வகுப்பறையினின்று நூல்நிலையத்திற்கும் பேசிக்கொண்டே செல்கின்றோம். கால் நடப்பதைக் கருத்து அறிவதில்லை. ஆனால், ஒவ்வோர் அடியையும் விலை கொடுத்து வாங்கும் சிறுவரும் உளர். எம்மூராகிய பெருநகரில், எங்கள் தெருவிலேயே, அத்தகைய சிறுவன் ஒருவன் உளன். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவன் மரத்தடியில் அமர்வதைக் கண்டு, "சோம்பேறி" எனச் சிலர் நகைப்பர். யானும் அவர்களுடன் நகைத்ததுண்டு. அந்நகை எத்துணை அறியாமையின்பாற்பட்டது என்பதை விளக்கவே இச்சிறு கட்டுரை எழுந்தது.

மூளை முடக்குவாதம் எனப்படும் இந்நிலை, மூளை வளரும் காலத்தே, கருவிலேனும் பிறப்பிலேனும் மழலைப் பருவத்திலேனும் அதற்கு நேரும் ஊறால் விளைவது. இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதன்று. அறிவுத்திறன் சிறிதும் குன்றாதார் இவருட் பலர். வில்லியம் ஜான் லிட்டில் என்னும் ஆங்கில மருத்துவர் 1862-இல் இதனை விரித்தெழுதினமையால், நெடுங்காலம் 'லிட்டில் நோய்' எனவே இது வழங்கிற்று.

நடக்குங்கால் ஒரு தசை சுருங்க, அதன் எதிர்த்தசை தளர்தல் வேண்டும். இச்சிறுவர் பலர்க்கோ இரண்டும் ஒருங்கே இறுகுகின்றன. வண்டிக்காரன் ஒரு கையால் காளையை முடுக்கி, மறுகையால் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தாற்போன்றது இது. ஆகவே, ஒரே தொலைவைக் கடக்க ஏனையோரினும் இரண்டு மூன்று மடங்கு ஆற்றல் இவர்க்குச் செலவாதல் உண்டு.

இச்செலவை அளத்தற்கு எளிய வழியொன்றுளது. நடையின்போதுள்ள நாடித்துடிப்பினின்று ஓய்விலுள்ள துடிப்பைக் கழித்து, நிமிடத்திற்கு நடந்த மீட்டரால் வகுத்தல் வேண்டும். ஒருவனுக்கு ஓய்வில் 90, நடையில் 120, வேகம் 60 மீட்டர் எனக் கொள்வோம். மீட்டருக்கு அரைத் துடிப்பே செலவு. மற்றொருவனுக்கு ஓய்வில் 90, நடையில் 150, வேகம் 40 மீட்டராயின், மீட்டருக்கு ஒன்றரைத் துடிப்பு. முன்னவன் மூன்று மீட்டர் நடக்கும் விலைக்குப் பின்னவன் ஒரு மீட்டரே நடக்கின்றான்!

நிற்க. செலவு மிக்கவனுக்கு வரவும் மிகுதல் வேண்டுமன்றோ? உடல்வலியே அவ்வரவு. இங்கோ நிகழ்வது மாறானது: களைப்பால் அமர்கின்றான்; அமர்தலால் தசை மெலிகின்றது; மெலிவால் மேலும் களைக்கின்றான். வளருந்தோறும் உடலின் பாரம் ஏறுதலின், இளமையில் நடந்தோர் சிலர் பதின்பருவத்தில் நடையை இழப்பதும் உண்டு. பயிற்சியால் தசை இறுக்கம் மிகும் என முற்காலத்து மருத்துவர் பலர் அஞ்சினர். அவ்வச்சம் தகாதெனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நாற்காலியினின்று எழுந்தெழுந்து அமர்தல், படியேறுதல், முச்சக்கர மிதிவண்டி ஓட்டுதல், நீரில் பயிலுதல் ஆகியன நலந்தருவன. ஆயினும், தசை வலுத்த அளவானே நடை திருந்திவிடாது. நடையையும் தனியே பயிலுதல் வேண்டும். கணுக்காலை நேர்நிறுத்தும் தாங்கியும், ஊன்றுகோலும் செலவைக் குறைப்பன. நெடுவழிக்குச் சக்கர நாற்காலியை நாடுதல் தோல்வியன்று. வழியில் மிஞ்சிய ஆற்றல் பாடத்திற்கு உதவும்.

சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர் இத்தகைய சிறுவர்க்குப் பயிற்சியும் கல்வியும் அளித்து வருகின்றது. சிற்றூரார்க்கு நகரம் தொலைவு என்பது மெய்யே. அதனை உணர்ந்து, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாயிலுக்கே கொணர முற்பட்டது.

நண்பர்காள்! மரத்தடியில் அமர்ந்த சிறுவன் சோம்பியவன் அல்லன், கையிருப்பறிந்து செலவிடுபவன். விடுமுறையில் ஊர் செல்லும்போது அவனுடன் சிறிது அமர்மின். அவன் புத்தகப் பையைச் சுமமின். மாலை ஆட்டத்தில் அவனுக்கும் ஓரிடம் கொடுமின். நகைத்தவர் கடன் தீர வேறு வழி யான் அறியேன்.