மேற்குச் சுவரை நோக்கி

துறைமுகத் தெருக்கள் – 14

சென்ற வாரம் மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அங்கிருந்து அதிக தூரம் போகப் போவதில்லை. அரண்மனையை ஒட்டிப் பழையன்னூர் பகவதி கோயில், அந்தக் கோயிலை ஒட்டிப் பரதேசி ஜெப ஆலயம். ஊர்க்காரர்கள் யூதப்பள்ளி என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே மதில்தான். கொடுங்கல்லூரில் போர்ச்சுக்கீசியரின் தொல்லை தாங்காமல் ஓடிவந்த யூதர்களுக்குக் கொச்சி ராஜா தன் அரண்மனைப் பக்கத்திலேயே, தன் குலதெய்வத்தின் மதிலோரமாகவே நிலம் கொடுத்தார். 1568-ல் ஆலயம் எழுந்தது. இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் ராஜாக்களில் இவரைப் போல் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த முறை குடும்பத்தோடு போயிருந்தேன். காரணம் அம்மா. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் பல காலம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். எங்கள் பக்கத்து விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கொண்டு ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி செய்து வைப்பது வழக்கம். அட்டையில் பலகை, ஜிகினாத் தாளில் பொன்தகடு, பழைய பட்டுச் சேலையில் திரை. அந்த மாதிரியைச் செய்யவைத்துச் செய்யவைத்தே யாத்திராகமத்தின் அளவுகள் அத்தனையும் அம்மாவுக்கு மனப்பாடம். நாற்பத்தெட்டுப் பலகைகள், சீத்திம் மரம். கூடாரம் முப்பது முழ நீளம், பத்து முழ அகலம். சுற்றிலும் நூறுக்கு ஐம்பது முழத்தில் பிராகாரம். வாசல் கிழக்கே, பெட்டி மேற்கே.

இஸ்ரேலின் தெற்கே டிம்னா பள்ளத்தாக்கில் இந்தக் கூடாரத்தை அதே அளவில் பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புனித நாட்டுப் பயணம் போய்வரும் நம்மூர்க் குழுக்கள் சிலவும் அங்கே போகின்றன. அம்மாவுக்கும் அந்த ஆசை இருந்தது. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. “மெழுகு பொம்மையும் பெயின்ட் அடிச்ச பெட்டியும் பாக்கதுக்கு அவ்வளவு தூரமா? நெசமாவே அந்த வழியில கும்பிட்ட சனங்க இருந்த எடம் பக்கத்துல எங்கயாவது இருக்காப்பா?” என்று கேட்டார். இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து ஓர் இரவுப் பயண தூரத்தில் இருக்கிறது.

யூதத் தெருவில் இன்று சுக்கும் ஏலமும் மணக்கிற கடைகள், பழம்பொருள் அங்காடிகள், சுற்றுலா வண்டிகள். தெருவின் வடக்கு முனையில் மணிக்கூண்டு. டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த எசக்கியேல் ரஹபி 1760-ல் கட்டியது. அதன் கடிகார முகங்களில் ஒன்றில் எபிரேய எண்கள், ஒன்றில் ரோமன் எண்கள், அரண்மனை பார்த்த பக்கம் மலையாள எண்கள். ராஜா தன் மாளிகையிலிருந்து தன் எழுத்திலேயே மணி பார்க்கட்டும் என்று செய்திருக்கிறார்கள். நிலம் கொடுத்த வம்சத்துக்கு இதைவிட நல்ல நன்றி எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே போக முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உலகின் பெரும்பாலான யூத ஆலயங்களில் இந்த வழக்கம் கிடையாது. கேரளத்து யூதர்கள் காலங்காலமாக வெறுங்காலோடுதான் தொழுதார்கள். கோயிலும் பள்ளிவாசலும் சூழ்ந்த ஊரில் வந்து ஒட்டிய பழக்கம் என்று சொல்லிவிடலாம். அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எரியும் முட்செடியின் முன்னால் மோசே பாதரட்சையைக் கழற்றியதைப் பேத்திக்கு ஒருமுறை சொல்லி முடித்துவிட்டுத்தான் படியேறினார்.

சிறிய முற்றம், அதைத் தாண்டி ஒரு முன்னறை, அதற்கும் உள்ளே தொழுகைக்கூடம். வெளியிலிருந்து உள்ளே போகப் போக மனம் ஒடுங்கிக்கொண்டே வரும்படியான வரிசை. கேரளத்தின் எல்லாப் பழைய யூதப்பள்ளிகளிலும் இதே ஒழுங்குதான். பிராகாரம், பரிசுத்த ஸ்தலம், மகா பரிசுத்த ஸ்தலம் என்ற கூடாரத்து வரிசையை அறிந்தவருக்கு இது புதிய இடமாகவே இராது. கூடத்தின் மேற்குச் சுவரில், தோரா சுருள்கள் இருக்கும் பெட்டகம். செதுக்கிப் பொன்பூசிய மரவேலை, முன்னால் திரை. நம் தேவாலயங்களில் பீடம் கிழக்கே இருக்கும். இங்கே எல்லோரும் மேற்கே பார்த்து நிற்கிறார்கள். ஏனென்றால் கொச்சியிலிருந்து எருசலேம் இருக்கும் திசை மேற்கு. ஆசரிப்புக் கூடாரத்திலும் பெட்டி மேற்கேதான் இருந்தது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஆனாலும் அம்மா திசையைச் சரிபார்த்துக்கொண்டபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் யாரும் இந்த ஆலயத்தைப் பற்றி எழுத முடியாது. சீனாவின் கான்டன் நகரத்திலிருந்து 1762 வாக்கில் ரஹபி வரவழைத்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள், நீலத்தில் கையால் வரைந்த படங்கள். குனிந்து பக்கத்தில் பார்க்க வேண்டும். ஒரே செடிதான் பல ஓடுகளில் வருவதுபோல் தெரியும். ஆனால் ஒன்றில் கிளையின் கோடு தடித்து, அடுத்ததில் மெலிந்து, மூன்றாவதில் தூரிகையில் மை தீர்ந்து நுனி வெளுத்திருக்கும். பெயர் தெரியாத சீனத் தொழிலாளியின் மணிக்கட்டு இன்னும் அங்கே அசைந்துகொண்டிருக்கிறது. நிமிர்ந்தால் பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள், எண்ணெய் ஊற்றித் திரி போடுகிற தொங்கு கிண்ணங்கள். சுவர்களில் ஓர் உருவம் இல்லை, ஒரு படம் இல்லை.

“ஆச்சி, பலிபீடம் எங்க?” என்று மகள் கேட்டாள். கூடாரத்து மாதிரியில் வாசலை ஒட்டி வெண்கலப் பலிபீடமும் கைகால் கழுவும் தொட்டியும் வைப்பார்களே, அதைத் தேடியிருக்கிறாள். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பாபிலோனியர்கள் கி.மு. 586-ல் இடித்தார்கள். திரும்பக் கட்டியதை கி.பி. 70-ல் ரோமானியர்கள் எரித்தார்கள். அன்றோடு யூதர்களுக்குப் பலி நின்றது. எருசலேமைத் தவிர வேறெங்கும் பலியிட அவர்கள் ஒப்பவில்லை. பலிபீடம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வாசிப்பும் ஜெபமும் வந்தன. அதனால்தான் இங்கே கூடத்தின் நட்டநடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த வாசிப்பு மேடை நிற்கிறது. எருசலேம் ஆலயம் இடிந்தபின் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் தாங்கள் என்பது கொச்சி யூதர்களின் மரபு நம்பிக்கை.

இன்னொரு மேடை மாடியில் இருக்கிறது. கேரளத்து யூதப்பள்ளிகளுக்கே உரிய அமைப்பு இது. வேறெங்கும் இப்படி இரண்டு மேடைகள் வைக்கும் வழக்கம் இல்லை. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் மேல் மேடையில் நின்று தோராவை வாசிப்பார்கள். அதன் பின்னால், மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்களின் இடம். பெண்கள் மறைப்புக்குள் இருந்தாலும் வாசிப்பவர் அவர்களுக்குத்தான் மிகப் பக்கத்தில் நின்றார். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் நூற்றுக்கணக்கான பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாடிக் காத்தவர்கள். வேதக் கதைகளைத் தாய்மொழியில் பாட்டாக்கிக்கொண்ட அந்தப் பெண்களைத் தன் கூட்டாளிகளாகவே அம்மா நினைத்துக்கொண்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் இனிமையான பக்கம். முன்னறையைப் பற்றிய இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வெளியே இருந்து உள்ளே படிப்படியாகப் பரிசுத்தம் கூடும் என்ற ஒழுங்கு, மனிதர்களைப் படிப்படியாக நிறுத்துவதற்கும் பயன்பட்டது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு இந்தக் கூடத்தின் பெஞ்சுகளில் இடம் இருந்ததில்லை. அவர்கள் முன்னறையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்கும் உரிமை கிடையாது. இதே முன்னறையிலிருந்து எழுந்தவர்தான் ஆபிரகாம் பராக் சேலம். வழக்கறிஞர், காங்கிரஸ்காரர், தொழிற்சங்கவாதி. காந்தியின் வழியை எடுத்துக்கொண்டு, கடவுளின் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தார். உரிமைகள் ஒவ்வொன்றாக, மிக மெதுவாகக் கிடைத்தன. ‘யூத காந்தி’ என்று அவரைச் சொன்னார்கள். மட்டாஞ்சேரியில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. 1939-ல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த மனிதர்களைத் தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனத்து ஓடுகளைப் பார்க்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவராவது அந்த முன்னறையில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்தச் சமூகத்தின் பெரும் சொத்தான செப்பேடுகள் நமக்கும் உறவுள்ளவை. சேர மன்னர் பாஸ்கர ரவி ஏறக்குறைய கி.பி. 1000-ல் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தவை. எழுத்து வட்டெழுத்து, மொழியோ தமிழ் படித்தவர் தடுமாறித் தடுமாறியாவது பின்தொடரக்கூடிய பழைய மொழி. பகல் விளக்கு, பாவாடை விரித்த வழி, பல்லக்கு, குடை, தோரணம் என்று எழுபத்திரண்டு உரிமைகள், சுங்கத்திலிருந்து விலக்கு. ஓர் அந்நிய வணிகருக்குச் சிற்றரசனுக்குரிய மரியாதை. 2017 ஜூலையில் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது அந்நாட்டுப் பிரதமருக்கு இந்தச் செப்பேடுகளின் நகலைத்தான் பரிசாக எடுத்துப் போனார்.

நகல் போனது இருக்கட்டும், மூலமே இஸ்ரேலுக்குப் போன கதை ஒன்று உண்டு; நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி அதுதான். பரதேசி ஆலயத்திலிருந்து அதே தெருவில் தெற்கே நடந்தால், மறுமுனையில் கடவும்பாகம் ஜெப ஆலயம். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பரதேசி ஆலயத்துக்கும் முன்னால், மலபார் யூதர்கள் எனப்படும் உள்ளூர் யூதர்கள் கட்டியது. 1950-களில் அந்தச் சமூகம் ஏறக்குறைய மொத்தமாக இஸ்ரேலுக்குக் கப்பலேறியபோது இது வெறுமையானது. பிறகு சரக்குக் கிடங்கானது. செதுக்கிய கூரைப் பலகைகளும் மரவேலைகளும் கழற்றப்பட்டு, எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மறுபடியும் ஒன்றுசேர்க்கப்பட்டன. 1995 முதல் அங்கே பார்வைக்கு இருக்கின்றன. பரவூர் யூதப்பள்ளியின் பெட்டகமும் அந்தக் கூடத்தில்தான் நிற்கிறது. எருசலேமை நினைத்துக் கொச்சியில் கட்டிய கூடத்தை, இப்போது கொச்சியை நினைத்து எருசலேமில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மட்டாஞ்சேரியில் விட்டுப்போன சுவர்களின் கதி என்ன? 2019 செப்டம்பர் மழையில் முன்பகுதி இடிந்து விழுந்தது. பல வருஷங்களாக ஆபத்தில் இருப்பதாக வரலாற்று ஆர்வலர்கள் சொல்லிக்கொண்டே இருந்த கட்டடம். மரத்தை எடுத்துப் போனவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் எடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் மண்ணோடு போயிருக்கும். நானூறு ஆண்டுக்கு மேல் நின்ற சுவருக்கு ஓர் ஓட்டுக் கூரை போட்டுப் பாதுகாக்க நம்மால் முடியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. அதே தெருவின் வடக்கு முனையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். தெற்கு முனைக்கு யாரும் நடப்பதில்லை.

அம்மா நடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று. அந்தச் சுவருக்கு முன்னால் அவர் அளவு எதையும் சரிபார்க்கவில்லை. “இங்கதானப்பா அவங்க கும்பிட்டாங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பரதேசி ஆலயத்திலும் நாள்தோறும் தொழுகை நடப்பதில்லை. பொதுவில் தோராவை வாசிக்கப் பத்து ஆண்கள் கூட வேண்டும் என்பது யூத நெறி. உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் கிடையாது. வெளியூர் யூதர்கள் வந்து சேருகிற நாட்களில் தொழுகை நடக்கும். யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த, பலருக்கும் தெரிந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் 96 வயதில் காலமானார். அவருக்குப் பின் அந்தத் தெருவில் மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் எல்லாம் அழிந்துபோகவில்லை. சேந்தமங்கலம் யூதப்பள்ளியைப் பழுதுபார்த்து 2006-ல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். பரவூர் யூதப்பள்ளியும் கேரள அரசின் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் சீராகி மக்களுக்குத் திறந்திருக்கிறது. பரவூரில் வாயிற்கட்டிலிருந்து பெட்டகம் இருந்த இடம் வரை முழு வரிசையையும் தடையில்லாமல் நடந்து பார்க்கலாம்; கூட்டமும் இருக்காது. பிள்ளைகளுக்கு ஆசரிப்புக் கூடாரம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் அட்டை மாதிரியோடு நிறுத்திவிடாமல் இங்கே அழைத்துவர வேண்டும்.

கொச்சிக்குப் போகிற வாசகர்களுக்கு: பரதேசி ஆலயம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் திறந்திருக்காது. வெள்ளிக்கிழமை போவதானால் முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, உடை அடக்கமாக இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் வண்டி ஏறிவிடாதீர்கள். தெற்கு முனை வரை நடந்துபோய்க் கடவும்பாகம் சுவரையும் பாருங்கள். ஊருக்குத் திரும்பியதும் அதைக் காப்பாற்றச் சொல்லிக் கேரளத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: பரவூர்)