பகல் குறுகினால் பருக்கும் கிழங்கு

சென்னை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘திருநெல்வேலியில் வாக்கப்பட்ட அக்கா பொங்கலுக்குப் பொங்கல் சிறுகிழங்கு கொடுத்தனுப்புகிறாள். ஆனியில் கேட்டால் இல்லை என்கிறாள். உருளைக்கிழங்கு வருஷம் முழுக்கக் கிடைக்கும்போது இது மட்டும் ஏன் கிடைப்பதில்லை?’

அக்கா சொல்வது சரிதான். உருளைக்கிழங்குக்குக் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. சிறுகிழங்கை வயலும் வானமும் தந்தால்தான் உண்டு.

அதன் ருசியைப் பற்றி நெல்லைக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது அந்தச் செடியின் குணம். அது உருளைக்கிழங்குக்கு உறவே இல்லை. துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது, கற்பூரவல்லிக்கு மிக நெருங்கிய சொந்தம். தோலை நகத்தால் கீறி மோந்து பார்த்தால் அந்த உறவு தெரியும். பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. கேரளத்தில் கூர்க்கா, இலங்கையில் இன்னல என்று பெயர் மாற்றிக்கொண்டு வாழ்கிறது.

ஆடி முதல் புரட்டாசி வரை கொடியின் நுனிகளைக் கிள்ளி நடுவார்கள். தழை மளமளவென்று படரும். அப்போது தோண்டிப் பார்த்தால் ஏமாற்றம்தான். பகல் குறுகி இரவு நீண்டால்தான் கிழங்கு பருக்கும். இத்தனைக்கும் திருநெல்வேலியில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு அது உறைப்பதே இல்லை. செடியின் இலைகளோ இருட்டின் நீளத்தை அளந்துகொண்டே இருக்கின்றன. என் அப்பா தீபாவளி வரை கையில் வந்த காசையெல்லாம் வீட்டுச் செலவுக்கு விட்டுவிட்டு, அது கழிந்ததும் அஞ்சலகக் கணக்கில் போட ஆரம்பிப்பார். இந்தச் செடியும் அப்படித்தான். அதுவரை இலைக்கும் கொடிக்கும் செலவழித்த மாவுச்சத்தை மண்ணுக்குள் இறக்கத் தொடங்கும். மார்கழி, தையில் அதைத்தான் நாம் தோண்டி எடுக்கிறோம்.

இந்தக் கணக்கையும் மாற்றியிருக்கிறார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘சுபலா’ ரகம் எந்தப் பருவத்திலும் விளையும். உழவருக்கு அது லாபம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறுகிழங்கு வரும் அதே நாளில்தான் பச்சை மொச்சையும் சந்தைக்கு வருகிறது. இரண்டையும் கத்தரிக்காயோடு சேர்த்து, தேங்காய் அரைத்துவிட்டுப் புளிக்குழம்பு வைத்தால் போதும், வேறு தொடுகறி தேடாது. ஒரே தட்பவெப்பத்தில் விளைந்தவை ஒரே சட்டியில் சேர்வதால் வரும் ருசி அது. ஆனியில் சிறுகிழங்கு கிடைத்தாலும் மொச்சைக்கு எங்கே போவது?

பருவம் வந்துவிட்டால் தட்டுப்பாடு கிழங்கில் இல்லை, உரிக்கிற கைகளில்தான். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய சாக்கில் கொட்டி வாயைக் கட்டி, துவைக்கிற கல்லில் உருட்டித் தேய்க்க வேண்டும். முக்கால்வாசித் தோல் சாக்கிலேயே போய்விடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டினால் விரல்கள் கறுக்கும். முன்னதாகத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாக ஏறாது. இந்த வேலைக்குப் பயந்தே பலரும் கிழங்கைத் தொடுவதில்லை. வாங்குகிறவர்களும் பெரிதாய், கழுவிப் பளபளப்பாய் இருப்பதைத்தான் பொறுக்குகிறார்கள். கழுவிய கிழங்கு சீக்கிரம் அழுகும். மண்ணோடு இருப்பது நாள்பட நிற்கும். உழவர் பாடுபட்டு விளைவித்ததில் பொடிக்கிழங்கை ஒதுக்கிவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது 1999-இல். விளைவித்தவரிடமே நேரில் கேட்டு வாங்கும் வசதி அன்றே வந்துவிட்டது. நாமோ வீட்டிலேயே குழம்பை முடிவு செய்து, பட்டியலோடு அங்கே போகிறோம். வெறும் பையோடு போங்கள். எது குவிந்து கிடக்கிறதோ, எது மலிவோ, அதுதான் அந்த வாரத்துச் சமையல். தையில் சிறுகிழங்கு என்றால், சாக்கை உருட்டும் வேலை வீட்டு ஆண்களுடையதாக இருக்கட்டும். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு.